படம் நின்றால் பழி யாருக்கு?

மாலை ஏழு மணி. உழைத்துக் களைத்து வீடு திரும்பியவர் செல்பேசியை எடுத்துக் கிரிக்கெட் பந்தயமோ பழைய படமோ பார்க்க அமர்கிறார். இரண்டு நிமிடம் ஓடுகிறது. பிறகு முகங்கள் மங்குகின்றன, சதுரஞ் சதுரமாய்ச் சிதறுகின்றன, கடைசியில் நடுவே ஒரு வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்குகிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே எண்ணி வாங்கிக்கொண்ட நிறுவனம் அந்த வட்டத்துக்கு விளக்கம் தருவதில்லை.

விளக்கம் தராதவர்கள் இப்போது வேறொன்று கேட்கிறார்கள். வீடியோ வழங்கும் பெரிய நிறுவனங்கள்தாம் இணையப் பாதையை அடைத்துக்கொள்கின்றனவாம். ஆகவே அந்த நிறுவனங்கள் பாதைக்காரர்களான தங்களுக்குப் பங்குத் தொகை கட்டவேண்டுமாம். கட்டினால்தான் பாதையை அகலப்படுத்த முடியும், படமும் தடையின்றி ஓடும் என்பது அவர்கள் வாதம். இந்தியச் செல்பேசி நிறுவனங்களின் சங்கம் சில ஆண்டுகளாகவே இதை வலியுறுத்தி வருகிறது. ஐரோப்பாவிலும் பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் இதே பல்லவியைப் பாடின. ‘நியாயமான பங்கு’ என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். பெயரில் நியாயம் இருக்கிறது. பொருளில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்கிறோம் நாம்.

அதற்கு, படம் எப்படி நம் வீடு வந்து சேருகிறது என்பதைச் சற்றே பொறுமையுடன் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியியல் புத்தகம் எதுவும் புரட்டவேண்டியதில்லை. தபாலாபீசை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

பழைய தொலைபேசியில், சென்னையிலிருந்து ஒருவர் மதுரைக்குப் பேசினால் அந்த இருவருக்காகவே ஒரு பாதை ஒதுக்கப்படும். பேசினாலும் சரி, வாய்மூடி இருந்தாலும் சரி, பாதை அவர்களுடையதே. வேறெவரும் அதில் நுழைய முடியாது. அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும், ஒருவரையொருவர் அறியாமலே, 1960களில் வேறொரு வழியைக் கண்டார்கள். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டின் மீதும் முகவரி எழுது. எல்லோருடைய துண்டுகளோடும் கலந்து பொதுப் பாதையில் அனுப்பிவிடு. போய்ச் சேருமிடத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளட்டும் என்பதே அந்த வழி. அந்தத் துண்டுக்குப் பொட்டலம் என்று பெயரிட்டவர் டேவிஸ். 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தி புறப்பட்டது. இரண்டெழுத்துப் போனதும் எந்திரம் படுத்துவிட்டது. பிறந்த அன்றே இருமல்! ஆயினும் அந்த முறைதான் இன்று உலகை ஆளுகிறது.

ஆளுவதற்குக் காரணம் சிக்கனம். ஒருவர் வாய்மூடி இருக்கும் நேரத்தில் இன்னொருவர் பொட்டலம் அதே பாதையில் போகிறது, பாதை வீணாவதில்லை. ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. எந்தப் பொட்டலமும் இத்தனை நேரத்தில் சேரும் என்றோ, சேர்ந்தே தீரும் என்றோ உறுதி கிடையாது. வழியில் நெரிசல் மிகுந்தால், சந்திப்பில் நிற்கும் கருவி தன் கிடங்கு நிரம்பியதும் அடுத்து வரும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். கடிதமென்றால் மறுபடி அனுப்பச் சொல்லலாம். அரை நொடி தாமதித்தால் குடி முழுகிவிடாது. படத்தின் சங்கதி வேறு. தெளிவான முழு உயர்தரப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவுக்குத் தரவு வேண்டும். ஒரு பொட்டலத்தில் அடங்குவதோ சுமார் 1,500 பைட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள்! இரண்டரை மணி நேரப் படத்துக்கு முப்பது லட்சத்துக்கும் மேல்! உறுதியே தராத ஒரு பாதையில் இத்தனையும் காலந்தவறாமல் வந்து சேரவேண்டும்.

எப்படி வந்து சேருகின்றன? அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஒரு விந்தை நேர்ந்தது. அங்குள்ள லாரன்ஸ் ஆய்வுக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே வெறும் நானூறு கஜத் தொலைவு. நொடிக்கு 32,000 பிட்டு போய்க்கொண்டிருந்த பாதையில் திடீரென்று 40 பிட்டுதான் போயிற்று. கையிலே எழுதி எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் அதைவிட விரைவில் வேலை முடிந்திருக்கும்! பாதை அறுந்துவிடவில்லை; எந்திரமும் பழுதில்லை. பொட்டலம் தொலைந்ததைக் கண்ட ஒவ்வொரு கணிப்பொறியும் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அனுப்பியது. அனுப்ப அனுப்ப நெரிசல் முற்றியது. திருவிழாக் கூட்டத்தில் ஆளுக்கொரு தள்ளுத் தள்ளினால் யாருமே நகர முடியாதல்லவா, அதே கதைதான்.

வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 1988இல் இதற்கு மருந்து சொன்னார். பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று உணர்ந்துகொள். உடனே அனுப்பும் அளவைப் பாதியாகக் குறை. பாதை தெளிந்தால் மெல்ல மெல்ல ஏற்று. இவ்வளவுதான் மருந்து. பாதையில் காவலர் நிறுத்தவில்லை, சுங்கச்சாவடி கட்டவில்லை. இரு முனையிலும் உள்ள கணிப்பொறிகள் தாமே அடங்கி நடக்கக் கற்றன, இணையம் பிழைத்தது. இன்று கோடிக்கணக்கானோர் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ள முடிகிறதென்றால் அந்த அடக்கத்தின் வழித்தோன்றல்களே காரணம்.

பின்னர், 1990களில், இன்னொரு கருத்துத் தலைதூக்கியது. படத்துக்கும் குரலுக்கும் பாதையில் முன்பதிவு செய்யலாம் என்று 1997இல் ஒரு முறையை வகுத்தார்கள். பொட்டலங்களை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று முத்திரையிட்டுப் பிரிக்கலாம் என்று 1998இல் மற்றொன்றை வகுத்தார்கள். கெட்டிக்காரர்கள் வகுத்தவைதாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு படம் நாலைந்து நிறுவனங்களின் பாதைகளைக் கடந்து வரக்கூடும். அத்தனையும் ஒப்ப வேண்டும், அத்தனையும் கணக்கு வைக்க வேண்டும், ஒன்றையொன்று நம்பவும் வேண்டும். நடக்கிற காரியமா? ஒரு நிறுவனம் தன் சொந்தப் பாதைக்குள் தொலைபேசிப் பேச்சுக்கு முன்னுரிமை தருவது இன்றும் உண்டு; அதை நாம் எதிர்க்கவில்லை. பொது இணையத்தில் மட்டும் இந்த முறைகள் வேரூன்றவே இல்லை. சுங்கத்தை நம்பிப் படம் ஓடும் என்போர் இதை நினைவில் கொள்ளட்டும்.

வேரூன்றியது எது? எளிமையான ஏற்பாடு. படத்தைச் சில நொடிகள் ஓடும் துணுக்குகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துணுக்கையும் மங்கலில் தொடங்கி மிகத்தெளிவு வரை பல தரங்களில் செய்து வைக்கிறார்கள். நம் கையிலுள்ள செல்பேசி, சென்ற துணுக்கு எத்தனை வேகத்தில் வந்தது, கையிருப்பு எவ்வளவு என்று பார்த்து, அடுத்த துணுக்கை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. பாதை நெருங்கினால் தரம் ஒரு படி இறங்கும், படம் நிற்காது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் ஒரு வகையை வெளியிட்டது. 2012இல் டாஷ் என்ற பெயரில் உலகப் பொதுத் தரமும் வந்துவிட்டது. கையிருப்பு என்றோமே, அது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போன்றது. தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், மாடியில் தொட்டி நிறைந்திருந்தால் சமையலறைக் குழாய் ஓயாமல் ஓடும். நேரடிப் பந்தயத்துக்குத்தான் தொட்டியைப் பெரிதாக்க முடியாது. ஆக்கினால், அண்டை வீட்டில் விக்கெட் விழுந்து ஆரவாரம் எழுந்த பிறகுதான் நம் வீட்டில் பந்தே வீசப்படும்!

தொட்டி வீட்டில் இருக்கலாம், வீதி நடுவே இருக்கக்கூடாது என்பதும் அனுபவத்தில் கண்ட உண்மை. நினைவகம் மலிந்த காலத்தில், சந்திப்புக் கருவிகளில் பெரிய பெரிய கிடங்குகளை வைத்தார்கள். பொட்டலம் தொலையாது, நல்லதுதானே என்று எண்ணினார்கள். தொலையவில்லை, தேங்கியது. ஏமாந்த முனைகள் வேகத்தைக் குறைக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தன. பேச்சும் படமும் நொடிக்கணக்கில் பின்தங்கின. ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் இந்தக் கேட்டை ஊரறியச் சொன்னார். கிடங்கில் நெடுநேரம் காத்திருக்கும் பொட்டலங்களை முன்கூட்டியே கழித்து, அனுப்புவோருக்கு எச்சரிக்கை தரும் முறையை ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்சும் 2012இல் வெளியிட்டார்கள். செலவு பெரிதல்ல. கருவியைச் செம்மையாக அமைத்தால் போதும். நம் வீட்டு மூலைகளில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டிகளில் எத்தனை பெட்டிகளில் அது இருக்கிறது? ‘நியாயமான பங்கு’ கேட்போர் இந்தக் கேள்விக்கு வாய் திறப்பதில்லை.

மூன்றாவது ஏற்பாடுதான் நம் வழக்குக்கு உயிர்நாடி. படத்தை ஏழு கடல் தாண்டி ஒவ்வொரு முறையும் கொண்டுவருவானேன்? பார்ப்பவர் ஊருக்கு அருகிலேயே ஒரு பிரதியை வைத்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டாம் லெய்ட்டனும் டேனியல் லூயினும் 1998இல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தாமே பிரதிப் பெட்டிகளைச் செய்து, தகுதியுள்ள இணைய நிறுவனங்களின் கூடத்திலேயே விலையின்றி வைத்தன. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம் நடந்தபோது ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தனர். முடிவு நமக்கு உவப்பாக இல்லை. அது வேறு சங்கதி. அத்தனை பேருக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பியிருந்தால் அன்று எவர் வீட்டிலும் படம் ஓடியிருக்காது.

இப்போது வழக்குக்கு வருவோம். படத்தைத் தயாரித்துப் பல தரங்களில் வெட்டிவைக்கும் செலவு வீடியோ நிறுவனத்தினுடையது. கடல் கடத்திக் கொண்டுவந்து பாதைக்காரர் வாசலில் இறக்கும் செலவும் பெரும்பாலும் அதனுடையதே. வாசலிலிருந்து வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பது பாதைக்காரர் வேலை. அதற்குத்தான் நாம் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். படம் தானாக வந்து பாதையை அடைத்துக்கொள்ளவில்லை. பணம் கட்டியவர் கேட்டார், வந்தது. கூலி வாங்கிக்கொண்டு மூட்டை தூக்கியவர், மூட்டைக்குள் பொருள் வைத்தவரிடமும் இன்னொரு கூலி கேட்டால் அதற்கு என்ன பெயர்? 2022 அக்டோபரில் ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர்களின் கூட்டமைப்பு இந்தக் கோரிக்கையை ஆராய்ந்து, இதற்கு ஆதாரம் காணோம் என்றுதான் சொல்லிற்று.

இல்லை, செய்துதான் பார்ப்போமே என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கட்டும். அங்கே அனுப்புகிறவன் பணம் கட்டவேண்டும் என்ற விதி 2016இல் இணைய நிறுவனங்களுக்கிடையே புகுந்தது. ஒரு கொரியத் தொடர் உலகப் புகழ் பெற்ற 2021ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்சுக்கும் எஸ்.கே. பிராட்பேண்டுக்கும் நடந்த வழக்கு உச்சத்தை எட்டியது. சியோல் நீதிமன்றம் பாதைக்காரர் பக்கம் சாய்ந்தது; 2023 செப்டம்பரில் இருவரும் சமாதானமாகிக்கொண்டார்கள். பெரியவர்கள் சமாதானமாவார்கள். மற்றவர்கள்? ட்விட்ச் என்ற நேரடி வீடியோத் தளம் அந்நாட்டில் 2022இல் தன் படத்தரத்தைக் குறைத்தது. பாதைக் கட்டணம் பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று சொல்லி, 2024 பிப்ரவரி 27 அன்று கடையையே மூடிவிட்டுப் போயிற்று. தரத்தைக் காக்க வந்த சுங்கம் தரத்தைக் குறைத்தது; பிறகு படத்தையே துரத்திவிட்டது. நாளைக்கு மதுரையிலோ கோவையிலோ நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீடியோத் தளம் தொடங்கினால், இந்தச் சுங்கத்தைக் கட்ட அவர்களால் ஆகுமா?

பாதைக்காரர்களுக்குச் செலவே இல்லை என்று நாம் வாதாடவில்லை. 2022இல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். கோபுரம், வடம், மின்சாரம் எல்லாம் உண்டு. 2016க்குப் பிறகு ஒருவரையொருவர் வீழ்த்த விலையைப் பாதாளத்துக்கு இறக்கியதும் உண்மை, இறக்கியவர்கள் அவர்களே. அதை ஈடுகட்ட 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. உயர்த்திய பிறகு வட்டம் சுற்றுவது நின்றதா? நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்று விற்கிறார்களே, முழு உயர்தரத்தில் பார்த்தால் அது நாற்பதே நிமிடத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் வேகம் நத்தை நடையாகும். தீராமல் மிஞ்சினால், பெரும்பாலான திட்டங்களில், நள்ளிரவில் காலாவதியாகும். வாங்கியவனுக்குத் தீர்ந்தாலும் நட்டம், மிஞ்சினாலும் நட்டம். இப்படி அளந்து விற்றுவிட்டு, அதையும் ஒருவன் பயன்படுத்தினால் பாதை அடைபடுகிறது என்று முறையிடுவது எந்த ஊர் வியாபாரம்?

இன்னொரு தந்திரமும் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டுவோருக்கு முன்னுரிமை வேகம் என்று இரு நிறுவனங்கள் திட்டங்களை அறிவித்தன. ஒரு கோபுரத்தின் அலைக்கற்றை அளவு இவ்வளவுதான். ஒருவரை முன்னே விட்டால் மற்றவர் பின்னே நிற்கத்தான் வேண்டும். டிராய் ஆணையம் 2020 ஜூலையில் குறுக்கிட்டு அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னது, நன்று செய்தது. 2015இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய கடிதங்களும், 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் வேறு விலை கூடாதென்று பிறந்த ஆணையும், தடுத்தலும் தாமதப்படுத்தலும் கூடாதென 2018இல் அரசினர் ஏற்ற கொள்கையும் இல்லாதிருந்தால் கேட்க நாதி ஏது? இவை என்றைக்கும் நிலைக்கும் என்று தூங்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் இதே சமநிலை விதி 2015இல் வந்தது, 2017இல் கைவிடப்பட்டது, 2024இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது.

வீடியோ நிறுவனங்கள் உத்தமர்கள் என்று நாம் நற்சான்று வழங்கவும் இல்லை. உள்ளங்கை அகலத் திரைக்குப் பெருந்திரைத் தரத்தை அனுப்பி வீணாக்குவதும், கேளாமலே அடுத்த படத்தை ஓட்டுவதும் அவர்கள் வழக்கம். 2024 நவம்பரில் மைக் டைசன் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரடியாகக் காட்டியபோது, 6.5 கோடிப் பேர் ஒரே நேரத்தில் வந்து குவிந்தனர். படம் மங்குகிறது, நிற்கிறது என்று பெரும் முறையீடு எழுந்தது. அன்று குறை பாதையிலா, பெட்டியிலா, எவர் சொல்வது? அடக்கம் வேண்டுமென்றால் அவர்களாலும் முடியும் என்பதை 2020 மார்ச் காட்டிற்று. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்த நாளில், ஐரோப்பாவின் வேண்டுகோளுக்கிணங்க நெட்ஃபிளிக்ஸ் தன் தரவு அளவைக் கால்பங்கு குறைத்தது. இந்தியாவிலும் வீடியோ நிறுவனங்கள் கூடி, ஏப்ரல் 14 வரை செல்பேசிப் பாதையில் 480 வரித் தரத்துக்கு மேல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தன. எவரும் எவருக்கும் சுங்கம் கட்டவில்லை.

அந்த ஆண்டுதான் நம் பிள்ளைகள் வகுப்பறையைச் செல்பேசியில் தேடி மொட்டைமாடிக்கும் குன்றுக்கும் ஏறினார்கள். ஆசிரியர் வாய் அசைகிறது, குரல் வரவில்லை. குரல் வரும்போது கரும்பலகை வரவில்லை. சினிமா ரசிகர்களின் சில்லறைக் குறையாக இதை எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவரும் வங்கியும் வேலைவாய்ப்பு நேர்காணலும் இந்தப் பாதையில்தான் வருகின்றன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். வடம் வாசல் வரை வந்தாலும், மாலை நேரத்தில் அதில் என்ன ஓடுகிறது என்பதுதானே கேள்வி?

ஆகவே அரசினரிடமும் ஆணையத்திடமும் நாம் கேட்பது இதுதான். 2024இல் வகுத்த தர விதிகளில் தாமதத்துக்கும் பொட்டல இழப்புக்கும் வரம்பு கட்டியிருக்கிறீர்கள், வரவேற்கிறோம். அத்தோடு நில்லாமல், மாலை ஏழு முதல் பத்து வரை ஒரு படம் தொடங்க எத்தனை நொடி ஆகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நிற்கிறது, எந்தத் தரத்தில் ஓடுகிறது என்பதை ஊர்வாரியாக, நிறுவனவாரியாக அளந்து வெளியிடச் செய்யுங்கள். ‘இத்தனை மெகாபிட் வரை’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த ‘வரை’ என்ற சொல்லுக்குக் கீழ்வரம்பு ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். வீடியோ நிறுவனங்களிடமும் அதே கணக்கைக் கேளுங்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எத்தனை பேரைத் தாங்கும் என்று அவர்களும் சொல்லட்டும். நின்றது பாதையிலா பெட்டியிலா என்பது அப்போது தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் பாதைக்காரர்கள் முதலில் மேசைமீது வைக்கட்டும். சுங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.